பிரெஞ்சுச் சாப்பாடா, ஆசியச் சாப்பாடா? சாப்பிடவென்றே பயணம் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச்சு வந்தால் கோட்டை, கடற்கரை, அருங்காட்சியகம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, "அங்கே என்ன சாப்பிடக் கிடைக்கும்?" என்று முதலில் கேட்கிற ஆட்களுக்கானது இந்தப் பக்கம். பிரான்ஸுக்குப் போவதா, கிழக்குப் பக்கம் போவதா என்று குழம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. பதில்களில் பாரபட்சம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

வெறும் சாப்பாட்டுக்காக இவ்வளவு தூரம் போவது கொஞ்சம் ஓவர் இல்லையா?

இந்த ஆசையை வைத்து ஒரு டயர் கம்பெனி நூறு வருடத்துக்கு மேலாகப் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறது. 1900ல் மிஷ்லான் சகோதரர்கள் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே மெக்கானிக் இருப்பார், எங்கே தங்கலாம் என்ற விவரங்கள் அதில் இருந்தன. கணக்கு எளிது: ஆட்கள் நிறைய ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் புது டயர் விற்கும். 1926ல் நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். 1930களில் அது மூன்று படியானது. ஒரு நட்சத்திரம் என்றால் நல்ல கடை. இரண்டு என்றால் போகிற வழியிலிருந்து விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அந்தக் கடைக்கென்றே தனியாகப் பயணம் கிளம்பலாம். உலகம் இன்று பயபக்தியோடு பேசும் மூன்று நட்சத்திரத்துக்கு அர்த்தம் அவ்வளவுதான். ஆகவே யாராவது உங்களைச் சாப்பாட்டு ராமன் என்று கிண்டல் செய்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

'ஆசியச் சாப்பாடு' என்று ஒன்று இருக்கிறதா?

இல்லை. வியட்நாமின் ஹனோயில் காலையில் குடிக்கும் ஃபோ சூப்புக்கும் ஜப்பானின் கியோட்டோவில் இரவில் பரிமாறும் கைசேகி விருந்துக்கும் அரிசியைத் தவிரப் பொதுவாக எதுவும் இல்லை. அதுவும் ஃபோவில் நூடுல்ஸாகத்தான் வருகிறது. பிரான்ஸும் அப்படித்தான். பிரித்தானிப் பக்கம் வெண்ணெய் இல்லாமல் அடுப்பு எரியாது. தெற்கே புரோவான்ஸில் ஆலிவ் எண்ணெய். ஜெர்மனி எல்லையில் அல்சாஸில் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும்.

ஒப்பிட வேண்டும் என்றால் ஊரை வைத்துத்தான் ஒப்பிட முடியும். நான் முக்கியமாக எடுத்துக்கொள்வது பிரான்ஸின் லியோனையும் மலேசியாவின் பினாங்கையும். சிங்கப்பூர், ஹனோய், டோக்கியோ நடுநடுவே வந்து போகும்.

சரி, எதற்கு முதலில் போவது?

பினாங்குக்கு. அப்புறம் லியோன்.

பினாங்கில் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சாப்பிடலாம். தட்டுகள் சின்னவை. காலையில் பருப்புக் குழம்போடு பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், மதியம் சோறும் குழம்புமாக நாசி கண்டார், நாலு மணிக்கு வெயில் தாங்காமல் ஒரு கிண்ணம் ஐஸ் போட்ட இனிப்புச் செண்டோல், இருட்டியதும் ஏதாவது தெருக்கடை. ஒரு தட்டு பிடிக்கவில்லை என்றால் நஷ்டம் இருநூறு ரூபாய்தான். பத்தடி தள்ளி அடுத்த கடை இருக்கும்.

பிரான்ஸில் ஒரு நாளைக்கு இரண்டே வேளைதான் சரியான சாப்பாடு. ஒவ்வொரு வேளையும் ஒரு முடிவு. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மணி நேரமும் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாயும் போகும். அந்தச் சாப்பாட்டை ரசிக்க நாக்கும் கொஞ்சம் பழக வேண்டும், பையும் கொஞ்சம் கனக்க வேண்டும். முதல் பயணத்தில் இரண்டும் இருப்பது அபூர்வம்.

அடிப்படையில் என்ன வித்தியாசம்? மசாலாவா?

மசாலா வித்தியாசம் சாப்பிட உட்கார்ந்த இரண்டாம் நிமிடமே தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய வித்தியாசம் சாப்பாட்டை யார், எங்கே, எந்த நேரக் கணக்கில் தருகிறார்கள் என்பதில் இருக்கிறது.

யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் என்னென்ன சேர்த்தது என்று பாருங்கள். 2010ல் பிரான்ஸுக்காகச் சேர்த்தது எந்தக் குழம்பையும் இல்லை. 'பிரெஞ்சுக்காரர்களின் விருந்துச் சாப்பாடு' என்ற வழக்கத்தையே சேர்த்தார்கள். முதலில் பசி கிளப்பும் பானம், பிறகு முன்னுணவு, அடுத்து மீனோ இறைச்சியோ காய்கறியோடு, பின் சீஸ், கடைசியில் இனிப்பு, எல்லாம் முடிந்ததும் ஒரு மது என்று வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் முறை. 2020ல் சிங்கப்பூருக்காகச் சேர்த்தது உணவங்காடிக் கலாசாரத்தை. பல இனத்தார் ஒரே கூரையின் கீழே தங்கள் கடையில் தங்கள் சமையலைச் செய்ய, யாரும் எந்தக் கடையிலும் வாங்கி எந்த மேசையிலும் உட்கார்ந்து சாப்பிடும் ஏற்பாடு அது.

ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்ற அந்த வரிசை பிரான்ஸில் ஆதிகாலத்திலிருந்து வந்ததும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு வரை அங்கேயும் நம் இலைச் சாப்பாடு மாதிரி எல்லாப் பதார்த்தங்களையும் மேசையில் மொத்தமாகப் பரப்பித்தான் விருந்து நடந்தது. ஒவ்வொன்றாகப் பரிமாறுவதை ரஷ்யர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

பினாங்கில் சமைக்கிறவர் உங்கள் கண்ணெதிரே நிற்பார். சார் குவே தியாவ் என்ற நூடுல்ஸ் வறுவல் விற்கும் கடை ஒன்றில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வாணலி ஒன்று, நெருப்பு உச்சத்தில். பன்றிக் கொழுப்பு, பூண்டு, பட்டையான அரிசி நூடுல்ஸ், சோயா, மிளகாய் விழுது. ஓரமாக ஒதுக்கி நடுவில் முட்டை. அப்புறம் இறால், பயற்று முளை, கூச்சாய் கீரை. மட்டிச் சதை கடைசியில்தான் விழும். அரை நிமிடம் கூடினால் அது ரப்பராகிவிடும். தேர்ந்த கைகள் ஒரு வாணலியில் ஒரு தட்டுக்கு மேல் போடுவதில்லை. நாலு தட்டுக்குச் சேர்த்துப் போட்டால் வாணலியின் சூடு இறங்கி, நூடுல்ஸ் வறுபடாமல் வெந்துபோகும். அதனால்தான் அந்தக் கடைகளில் வரிசை நகரவே நகராது. அந்த ஆள் முப்பது வருடமாக அந்த ஒரே பதார்த்தத்தைத்தான் செய்துகொண்டிருப்பார். வேறு எதுவும் கேட்க முடியாது.

லியோனில் சமையல்காரரைப் பார்க்காமலே சாப்பிட்டு முடித்து வந்துவிடலாம். அங்கே நீங்கள் காசு கொடுத்து வாங்குவதில் பாதி அந்த மேசைதான். மாலை முழுக்க அது உங்களுடையது. எழுந்து போங்கள் என்று யாரும் முறைக்க மாட்டார்கள்.

பிரான்ஸ் என்றால் பாரிஸ்தானே? லியோன் எதற்கு?

பாரிஸில் எல்லாம் கிடைக்கும். ஆனால் சாப்பிடுவதற்காகப் போகிறவர்கள் அங்கே இரண்டு நாளோடு நிறுத்திக்கொண்டு ரயில் ஏறுவது நல்லது. டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலில் லியோன் சுமார் இரண்டு மணி நேரம்.

ஊர் இருக்கிற இடமே அதிர்ஷ்டம். வடக்கே பொழ்ஜொலே திராட்சைத் தோட்டங்கள். வடகிழக்கே பிரெஸ், கோழிக்குப் பேர்போன பூமி. வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால் என்று பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறத்தையும் சுமந்து திரியும் கோழி. அந்தப் பேரை வேறு ஊர்க் கோழிக்கு வைக்கக் கூடாது என்று 1957லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கிழக்கே ஆல்ப்ஸ் மலைப் பக்கத்திலிருந்து பாலும் சீஸும்.

இந்த ஊர்ச் சமையலைப் பேர் வாங்க வைத்தவர்கள் பெண்கள். பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து சொந்தக் கடை போட்டார்கள். ஊர் அவர்களை 'லியோனின் அம்மாக்கள்' என்றே கூப்பிட்டது. அவர்களில் யூஜெனி பிரசியே 1933ல் தன் இரண்டு கடைகளுக்கும் தலா மூன்று என ஆறு மிஷ்லான் நட்சத்திரம் வாங்கினார். அதுவரை யாரும் வாங்கியதில்லை. இளம் வயதில் அவர் சமையலறையில் வேலை கற்றவர்களில் ஒருவர் பால் பொக்யூஸ். பின்னாளில் பிரெஞ்சுச் சமையலின் முகமாகவே ஆனவர். 1965ல் பொக்யூஸின் கடை வாங்கிய மூன்றாவது நட்சத்திரம், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து 2020ல்தான் போனது. அன்று அங்கே அது தலைப்புச் செய்தி.

அந்த உயரத்துக்கெல்லாம் நாம் போக வேண்டியதில்லை. போக வேண்டிய இடம் 'பூஷோன்' என்று சொல்லும் சின்னச் சாப்பாட்டுக் கடைகள். கட்டம் போட்ட மேசை விரிப்பு, நெருக்கி உட்கார வைக்கும் நாற்காலிகள், அடி தடித்த 46 சென்டிலிட்டர் பாட்டிலில் ஒயின். கெனெல் கேளுங்கள். பைக் என்ற நன்னீர் மீனின் சதையை மாவு, முட்டை, வெண்ணெயோடு அரைத்து நீள உருண்டையாக்கி, நன்னீர் இறாலில் செய்த சாஸ் ஊற்றி அடுப்பில் வைப்பார்கள். வரும்போது உப்பிக் குமிழ்ந்து கொதித்துக்கொண்டிருக்கும். ஸ்பூனை இறக்கினால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். முள் எடுக்கும் வேலை மிச்சம்.

மீதி பட்டியல் பெரும்பாலும் நாம் 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்று சொல்லும் வகையறா. குடல் வறுவல் விரும்பிகளுக்கு இந்த ஊர் சொந்த ஊர் மாதிரி. 'தாப்லியே து சபர்' என்பது மாட்டு இரைப்பையை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது, நன்றாக இருக்கும். 'ஆந்துயெத்' என்ற குடல் தொத்திறைச்சியை மட்டும் தட்டு மேசைக்கு வருவதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும். தைரியம் இருந்தால் சரி.

பிரான்ஸில் சாப்பாட்டு நேரம் பற்றி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

நியாயமான பயம்தான். மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை. ஒன்றே முக்காலுக்குப் போய் நின்றால் சமையலறையை மூடுகிறோம் என்பார்கள். இரவு ஏழு, ஏழரைக்கு முன்னால் அடுப்பு பற்றாது. நடுவில் பசித்தால் பேக்கரிதான் கதி. ஞாயிறு, திங்களில் பல கடைகள் மூடியிருக்கும். ஆகஸ்டில் கடைக்காரர்களே விடுமுறைக்குப் போய்விடுவார்கள், வாரக்கணக்கில் பூட்டு தொங்கும். நல்ல கடை என்றால் முன்பதிவு அவசியம்.

உட்கார்ந்த பிறகு தெரிய வேண்டியவை சில. அங்கே 'மெனு' என்று கேட்டால் நிலையான விலைக்கு இரண்டு மூன்று பதார்த்தம் சேர்ந்த தொகுப்பு என்று புரிந்துகொள்வார்கள். விலைப்பட்டியல் வேண்டும் என்றால் 'லா கார்த்'. மதியத்தில் 'ஃபொர்ம்யூல்' என்று கரும்பலகையில் எழுதியிருப்பதைப் பிடியுங்கள். அதே சமையலறையின் சாப்பாடு, இரவை விட மலிவு. தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், சட்டப்படி இலவசம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டிலைத் திறந்து பில்லில் ஏற்றிவிட வாய்ப்பு உண்டு. ரொட்டிக்குக் காசு இல்லை. சர்வீஸ் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருக்கிறது. டிப்ஸ் கொடுப்பது உங்கள் இஷ்டம்.

செலவு எவ்வளவு வித்தியாசப்படும்?

தோராயமாகச் சொல்கிறேன். லியோனில் நல்ல மதியத் தொகுப்பு 20 முதல் 25 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் 2,000 முதல் 2,500 ரூபாய். இரவில் ஒயினோடு 4,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். பினாங்கில் ஒரு தட்டு 8 முதல் 10 ரிங்கிட், ஏறத்தாழ 200 ரூபாய். சிங்கப்பூர் உணவங்காடியில் கோழிச் சோறு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சுற்றி. ஹனோயில் கரியில் சுட்ட பன்றி இறைச்சியோடு வரும் புன் சா 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

விசாவிலும் வித்தியாசம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு, பிரான்ஸ் போகத் தேவையான ஷெங்கன் விசாவின் கட்டணம் 90 யூரோ, மறுத்தால் திரும்ப வராது. வியட்நாம் ஒருமுறை நுழைவு மின்விசா 25 டாலர். டிக்கெட் போடும் முன் அந்த வாரத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், இவை மாறிக்கொண்டே இருப்பவை.

மலிவாகச் சாப்பிட பிரான்ஸிலும் வழி உண்டு. காலைச் சந்தைக்குப் போங்கள். லியோனில் சோன் ஆற்றங்கரையில் கூடும் சந்தையில் சுழல்கம்பியில் கோழிகள் வரிசையாக வெந்துகொண்டிருக்கும். அடியில் தட்டு நிறைய உருளைக்கிழங்கு, மேலிருந்து சொட்டும் கோழிக் கொழுப்பில் ஊறிச் சிவந்தபடி. அரைக் கோழியும் ஒரு கை உருளைக்கிழங்கும் ஒரு நீள பகெத் ரொட்டியும் வாங்கி ஆற்றோரமாக உட்கார்ந்தால் இரண்டு பேருக்கு மதியம் முடிந்தது.

நான் சைவம். பிரான்ஸுக்குப் போனால் பட்டினியா?

பட்டினி இல்லை, ஆனால் லியோன் உங்களுக்கான ஊர் இல்லை. அங்கே கீரை சாலட்டில்கூடப் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும். இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வரும். 'சான் வியாந்த், சான் புவாசோன்', அதாவது இறைச்சியும் இல்லாமல் மீனும் இல்லாமல் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்கறி சூப்பாக இருந்தாலும் அடிச்சாறு எலும்பில் எடுத்ததாக இருக்கலாம். ரொம்பக் கறாரான சைவம் என்றால் சீஸையும் கவனியுங்கள். காம்தே, ரோக்ஃபோர் உட்படப் பல பாரம்பரிய சீஸ்களில் பாலை உறைய வைப்பது விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்தான்.

சைவர்கள் தெற்கே போகலாம். நீஸ் நகரத்தில் 'சொக்கா' என்று ஒன்று கிடைக்கும். கடலை மாவைக் கரைத்துப் பெரிய தாமிரத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டு, மிளகு தூவித் தருவார்கள். பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை, ஆனால் ஓரம் மொறுமொறுவென்று நன்றாகவே இருக்கும். காய்கறிக் கூட்டு மாதிரியான ரட்டடூயி, துளசி அரைத்துப் போட்ட பீஸ்து சூப் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

ஆசியா சைவத்துக்குச் சுலபம் என்று நினைப்பதும் பாதிதான் சரி. வியட்நாம், தாய்லாந்தில் மீன் சாஸ் நம் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் விழும். ஜப்பான் இன்னும் சங்கடம். பார்க்க வெறும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும் 'தாஷி' சாறு பெரும்பாலும் காய்ந்த பொனிட்டோ மீனில் எடுத்தது, மிசோ சூப்பிலும் காய்கறிப் பொரியலிலும் அது இருக்கும். ஆனால் பௌத்தம் இருக்கும் இடத்தில் ஒரு வழியும் இருக்கிறது. வியட்நாமில் 'சாய்' என்று பலகை போட்ட கடைகள் முழுச் சைவம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அங்கே நிறையப் பேர் இறைச்சி சாப்பிடுவதில்லை. அந்த நாட்களில் போனால் உங்களுக்கு விருந்து. தாய்லாந்தில் சிவப்பு எழுத்துப் போட்ட மஞ்சள் கொடியைத் தேடுங்கள். அந்தக் கடைகளில் பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. தைவான் சைவர்களுக்கு இந்தப் பட்டியலிலேயே நிம்மதியான நாடு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் பேசியே சைவச் சாப்பாடு வாங்கிவிடலாம்.

ஹலால் பார்க்கிறவர்களுக்கு?

பினாங்கு. யோசிக்கவே வேண்டாம். தென்தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி வைத்து, இரு பக்கமும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதுதான் இன்றைய நாசி கண்டார். சோற்றின் மேல் நாலைந்து குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், 'பஞ்சிர்' என்றால் கரண்டிக்காரருக்குப் புரியும். தனித்தனியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். மேலே சொன்ன சார் குவே தியாவில் பன்றிக் கொழுப்பு உண்டு என்பதால் அதற்குப் பதில் 'மாமாக்' எனப்படும் தமிழ் முஸ்லிம் கடைகளின் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ்.

மிஷ்லான் பட்டியலை வைத்து ஊர் தேர்ந்தெடுக்கலாமா?

நட்சத்திரத்தை மட்டும் எண்ணினால் நீங்கள் டோக்கியோவுக்குத்தான் போக வேண்டும். 2007ல் முதன்முதலாக அங்கே கையேடு வந்தபோதே மொத்த நட்சத்திரத்தில் பாரிஸை முந்திவிட்டது. 2016ல் சிங்கப்பூரில் இரண்டு உணவங்காடிக் கடைகள் ஆளுக்கொரு நட்சத்திரம் வாங்கின. அதில் சோயா சாஸ் கோழி விற்ற கடையில் ஒரு தட்டு 2 வெள்ளி. உலகிலேயே மலிவான மிஷ்லான் சாப்பாடு என்று ஊரெல்லாம் எழுதினார்கள், வரிசை தெருவைச் சுற்றியது. 2021ல் அந்த நட்சத்திரம் போய்விட்டது. மற்றக் கடை, பன்றி இறைச்சி நூடுல்ஸ் விற்பது, தன்னுடையதைக் காப்பாற்றிக்கொண்டது.

என்னைக் கேட்டால் பிரான்ஸில் அந்தக் கையேடு உதவும், ஏனென்றால் அது அந்த ஊர்ச் சாப்பாட்டு முறையை அளக்க உருவானது. ஒரே பதார்த்தம் விற்கும் கடையை அளக்கும்போது அதே கோல் தடுமாறுகிறது. ஆசியாவில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு 'பிப் கூர்மான்' பட்டியலைப் பாருங்கள். நியாயமான விலையில் நல்ல சாப்பாடு என்பதற்கு மிஷ்லானே போடும் அடையாளம் அது. அதைவிட நல்லது, மதியம் அலுவலக ஆட்கள் எந்தக் கடையில் நிற்கிறார்கள் என்று பார்ப்பது.

சீஸும் பகெத்தும் இப்போது சென்னையிலேயே கிடைக்கிறதே. அதற்காகப் போக வேண்டுமா?

பகெத்துக்காகப் போகலாம். காலையில் சுட்டது சாயங்காலம் கட்டையாகிவிடும், அதை ஏற்றுமதி செய்ய முடியாது.

சீஸ் வேறு கதை. காம்தேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூரா மலைப் பகுதியில் செய்வது. ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ, அதற்கு ஏறத்தாழ 400 லிட்டர் பச்சைப் பால் வேண்டும். குறைந்தது நாலு மாதம் நிலவறையில் இருந்தால்தான் அந்தப் பேரில் விற்கலாம். நல்லவை ஒன்றரை, இரண்டு வருடம் கிடக்கும். பழைய ராணுவக் கோட்டை ஒன்றையே நிலவறையாக்கி ஒரு லட்சம் சக்கரங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் கண்ணில் அம்மோனியா குத்தும். பொறுப்பாளர் ஒரு சக்கரத்தை உருவி, கையிலிருக்கும் சின்னக் கருவியின் பின்பக்கத்தால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் மாறும். பிறகு அதே கருவியின் கூர்ப்பக்கத்தைக் குத்தித் திருகி விரல் நீளத் துண்டு ஒன்றை எடுப்பார். நுனியைக் கிள்ளி மோந்து, ருசித்துவிட்டு, மீதியை அதே ஓட்டையில் சொருகி மூடிவிடுவார்.

கோடையில் மலைப்புல் மேய்ந்த மாட்டுப் பாலில் செய்தது நல்ல மஞ்சள், குளிர்காலத்தில் காய்ந்த புல் தின்ற மாட்டுப் பாலில் செய்தது வெளிறிப்போய் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சாப்பிட்டுப் பார்க்க அங்கேதான் போக வேண்டும். நம் ஊர்க் குளிர்சாதனப் பெட்டியில் பிளாஸ்டிக் சுற்றிக் கிடப்பது ஏதோ ஒரு நடுவாந்தரம்.

ஆசியாவிலும் இதே மாதிரி நகராதவை உண்டு. பினாங்கின் மீன் குழம்பு நூடுல்ஸான அசாம் லக்சாவை வேறு ஊரில் செய்யலாம். ஆனால் மீன் குழம்பின் புளிப்புக்கு மேலே தூவும் அந்த இஞ்சிப் பூ அன்று பறித்ததாக இருக்காது.

இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் ஏதாவது?

வியட்நாம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது கொண்டுவந்த ரொட்டியை அந்த ஊர்க்காரர்கள் எடுத்து, உள்ளே ஈரல் பசை, வறுத்த இறைச்சி, ஊறவைத்த காரட், கொத்தமல்லி, பச்சை மிளகாய் வைத்து பான் மி ஆக்கிவிட்டார்கள். ஹனோயின் முட்டைக் காப்பியும் அப்படி. 1946ல் பால் தட்டுப்பாடு. மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஜாங் பாலுக்குப் பதில் முட்டை மஞ்சளை நுரை பொங்க அடித்துக் காப்பியின் மேல் ஊற்றினார். கேட்டால் முகம் சுளிப்பீர்கள், குடித்தால் இன்னொன்று சொல்வீர்கள்.

புதுச்சேரிக்கும் இதில் பங்கு உண்டு. அங்கிருந்து பிரெஞ்சு அரசு வேலைக்கும் பட்டாளத்துக்கும் சைகோன் போன குடும்பங்கள் திரும்பி வந்தபோது சமையலையும் கொண்டுவந்தன. சில பழைய வீடுகளில் வியட்நாம் பாணிப் பொரித்த ரோல் இன்றும் விசேஷப் பலகாரம்.

பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லாச்சப்பல் இருக்கிறது. ஈழத்தமிழர் கடைகள், கொத்து ரொட்டி, இடியப்பம் எல்லாம் கிடைக்கும். பிரெஞ்சுச் சாப்பாடு சாப்பிட்டு நாக்குச் செத்துப்போனால் இங்கே ஓடிவரலாம். ஆனால் தமிழர்கள் அந்த ஊரில் தோசை மட்டும் சுடவில்லை. பாரிஸின் சிறந்த பகெத்துக்கான போட்டியில் 2023ல் முதல் பரிசு வாங்கியவர் இலங்கையிலிருந்து போன தர்ஷன் செல்வராஜா. அந்தப் பரிசு வாங்குகிறவர்தான் ஒரு வருடத்துக்கு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுப்பார்.

தெருக்கடையில் சாப்பிட்டால் வயிறு தாங்குமா?

கண்ணெதிரே கொதிக்கிறதா, கூட்டம் இருக்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். சிங்கப்பூரில் இந்தக் கவலையே வேண்டாம். வயிறு கெடுவது பெரும்பாலும் கடையால் இல்லை, முதல் நாளே ஆறு கடை ஏறுவதால்.

அம்மா அப்பாவையும் குழந்தைகளையும் கூட்டிப்போனால்?

சிங்கப்பூர். ஒரே மேசையில் அப்பாவுக்கு இட்லி, பையனுக்குக் கோழிச் சோறு, உங்களுக்கு லக்சா என்று ஆளுக்கொரு கடையில் வாங்கி வந்து உட்காரலாம். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், எடுத்து மூக்கைத் துடைத்துவிடாதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021லிருந்து அது சட்டம். பிரான்ஸில் எட்டு மணிக்குத் தொடங்கி பத்தரை வரை நீளும் இரவுச் சாப்பாட்டில் ஆறு வயதுக் குழந்தையை உட்கார வைப்பது யாருக்கும் சுகமில்லை.

எந்த மாதம் போகலாம்?

பிரான்ஸுக்கு செப்டம்பர், அக்டோபர். திராட்சை அறுவடை, காளான், அத்திப்பழம், திறந்திருக்கும் கடைகள். பொழ்ஜொலேயின் புது ஒயின் நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளியாகும், லியோன் பக்கம் அன்று கொண்டாட்டம். கறுப்பு ட்ரஃபிள் காளான் வேண்டும் என்றால் ஜனவரிக் குளிரில் போக வேண்டும்.

பினாங்குக்கு, வாசம் தூக்கலான டுரியான் பழம் பிடிக்கும் என்றால் ஜூன், ஜூலையில் போய் பாலிக் புலாவ் தோட்டங்களிலேயே சாப்பிடுங்கள். பிடிக்காது என்றால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள், ஹோட்டல் லிஃப்டில்கூட வாசம் துரத்தும். ஹனோய்க்குக் குளிர்காலம்தான் சரி, சூடான ஃபோவுக்கு அந்தக் குளிர் வேண்டும். சந்திரப் புத்தாண்டு வாரத்தில் மட்டும் வியட்நாம் போகாதீர்கள், ஊரே கடையைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் போயிருக்கும்.

பிரெஞ்சு தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' சொல்லுங்கள், வேறு எதையும் கேட்பதற்கு முன்னால். அதைச் சொல்லாமல் நேரே மேசை இருக்கிறதா என்று கேட்பதை அவர்கள் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் எதிர்ப்படும் முகச்சுளிப்பை வைத்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் திமிர்பிடித்தவர்கள் என்று ஊருக்கு வந்து சொல்கிறோம். பினாங்கில் 'அண்ணே' என்றாலே போதும்.